எருமைக்கடா வளர்த்துக் கறிக்கு விற்பது: டெல்டாவில் கட்டுமா?

கடைமடையான் | ஜனவரி 9, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நிலம், கடைமடை, தண்ணீர் வந்தால் வெள்ளாமை வராவிட்டால் வானம். ஏழு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுப் போன ஆடியில்தான் ஊரோடு வந்தேன். இப்போது சம்பா அறுப்பு ஆரம்பித்துவிட்டது. வைக்கோலைச் சுருட்டிக் கட்டாக அடுக்கினால் போன வருடம் வெளியூர் லாரிக்காரர் கேட்ட விலைக்குச் சுருட்டும் கூலி கழிந்தது, அவ்வளவுதான் மிச்சம். சரி, இந்த வைக்கோலை மாட்டுக்குப் போட்டு மாட்டை விற்றால் என்ன என்று ஒரு யோசனை.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் எருமைக் கடாக்கன்று இரண்டாயிரம் மூவாயிரத்துக்கே கிடைக்கிறது, சிலர் சும்மாகூட ஓட்டிக்கொண்டு போ என்கிறார்கள். பத்துக் கன்று வாங்கி, ஒன்றரை வருடம் வளர்த்து, 250 கிலோ வந்ததும் கறிக்கு விற்கலாமா? யாராவது செய்து பார்த்திருந்தால் வரவு செலவோடு சொல்லுங்கள். "தம்பி, பால் மாடு வாங்கு" என்று யாரும் சொல்லவேண்டாம், அதை என் மாமனாரே தினமும் சொல்கிறார்.

வெண்ணாறு | ஜனவரி 9, இரவு 10:25

கன்று மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று சந்தோஷப்படுகிறீர்கள். ஏன் கிடைக்கிறது என்று முதலில் யோசித்தீர்களா தம்பி?

எங்கள் வீட்டில் நாற்பது வருடம் எருமை இருந்தது. கடாக்கன்று பிறந்தால் அம்மா முகம் சுளிப்பாள். கிடேரி என்றால் இரண்டு காம்பு விடுவோம், கடா என்றால் மடி இறங்கச் சப்புவதற்கு மட்டும் விட்டுவிட்டு வாயைப் பிடித்து இழுத்துக் கட்டிவிடுவோம். அது மூன்று மாதத்துக்குள் எலும்பும் தோலுமாகி ஒருநாள் காலையில் கிடக்கும். அப்புறம் அதன் தோலை உரித்து உள்ளே வைக்கோல் அடைத்து, நான்கு குச்சியைக் காலாக வைத்து, எருமைக்கு முன்னால் நிறுத்தினால் அது நக்கிக்கொண்டே பால் இறக்கும். வைக்கோல் கன்று. சின்னப் பிள்ளையில் நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துவேன், தொழுவத்து ஈ முழுக்க அதில்தான் உட்கார்ந்திருக்கும். அந்த எருமை அந்த உப்புத் தோலை நக்குவதைப் பார்த்தால் இப்போது நினைத்தாலும் என்னவோ செய்கிறது.

உங்களுக்கு விற்கிற கன்று அந்த மாதிரிப் பட்டினி போட்ட கன்றுதான். பத்து வாங்கினால் ஆறு நிற்கும். நின்ற ஆறும் முதல் ஆறு மாதம் வளரவே வளராது. வைக்கோலை மட்டும் தின்று 250 கிலோ வருமா? வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்றோ நான்கோதான், மாடு உயிரோடு நிற்கலாம், வளராது.

ஊசிக்காரர் | ஜனவரி 10, காலை 6:15

கால்நடைத் துறையில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். வெண்ணாறு அண்ணன் சொன்னது சரி, ஆனால் கன்று சாவதற்குப் பட்டினி பாதி, புழு பாதி. எருமைக்கன்றுக்குத் தாயின் சீம்பாலிலிருந்தே உருண்டைப் புழு இறங்கும், வெள்ளையாக நீளமாக இருக்கும். இரண்டு வாரத்திலேயே முதல் மருந்து கொடுக்கவேண்டும். கழிச்சல் வெளுப்பாக, நாற்றமாக, களிமண் மாதிரி வந்தால் அதுதான். வாங்கிய அன்றே சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பலர் அதைச் செய்யாமல் கன்றுக்கு டானிக் ஊற்றுகிறார்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன். தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958. இதில் பசு, காளை, கன்று மட்டுமில்லை, எருமையும் எல்லா வயதிலும் சேர்த்தி. அறுக்கவேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் எப்போது கிடைக்கும்? பத்து வயதுக்கு மேல் ஆகி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று ஆகியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் காயம், ஊனம், தீராத நோய் காரணமாக நிரந்தரமாக உதவாமல் போயிருக்கவேண்டும். பசுவையும் கிடேரியையும் அறுப்புக்கூடங்களில் அறுக்கக்கூடாது என்று 1976 ஆகஸ்டில் தனியாக அரசாணை இருக்கிறது. ஆக நீங்கள் வளர்க்கிற ஒன்றரை வயதுக் கடா திடகாத்திரமாக இருக்க இருக்க, சட்டப்படி அறுப்புக்குத் தகுதியில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். ஊசி போடுகிற காலத்தில் இதைக் கேட்டுப் பலர் என்னோடு சண்டைக்கே வந்திருக்கிறார்கள்.

கடைமடையான் | ஜனவரி 10, காலை 8:02

டாக்டர் சார், நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் தலை சுற்றுகிறது. வாரா வாரம் மணப்பாறையிலும் பொள்ளாச்சியிலும் இவ்வளவு மாடு லாரி ஏறுகிறதே, அதெல்லாம் பத்து வயதா?

ஊசிக்காரர் | ஜனவரி 10, காலை 8:30

அதைப்பற்றி நான் எழுதமாட்டேன் தம்பி. பென்ஷன் வாங்குகிறவன்.

தாழம்பூ_வேலி | ஜனவரி 10, காலை 9:11

வளர்த்த கையாலேயே அறுக்கக் கொடுப்பதற்கு ஒரு விவாத இழை வேறா? மாட்டுப் பொங்கலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. காவிரிப் பாசனம் பண்ணுகிறவன் மாட்டை இப்படிப் பேசலாமா?

சந்தைக்கோடி | ஜனவரி 10, காலை 9:50

பேசாமல் விற்கலாம், அதுதானே வழக்கம்? பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசிவிட்டு மாசியில் தரகரைக் கூப்பிடுகிற வீடுகள் எத்தனை வேண்டும்? எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடு கடைசியில் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், எங்கே போகிறது என்று கேட்கிறவனைத்தான் யாருக்கும் பிடிக்காது.

கடைமடையான் தம்பி, உங்கள் கேள்விக்கு என்னிடம் வேறு மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. இராத்திரி எழுதுகிறேன், இப்போது அறுக்கிற பெல்ட் வண்டி வந்து வரப்பில் நிற்கிறது.

மண்சட்டி | ஜனவரி 10, மதியம் 2:20

குடவாசல் பக்கம். கணவர் இறந்த பிறகு மூன்று எருமையை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். தாழம்பூ வேலிக்கு ஒன்று சொல்லவேண்டும். மாட்டை விற்கிறபோது நாங்கள் கயிறு கொடுப்பதில்லை. வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டவேண்டும், பழைய கயிற்றை நான் அவிழ்த்துத் தொழுவத்து எரவாணத்தில் (கூரை ஓரத்தில்) செருகிவிடுவேன். அந்தக் கயிற்றை அவிழ்க்கிற அரை நிமிடம் இருக்கிறதே, அதில் எருமை திரும்பி நம் கையை மோந்து பார்க்கும். என் எரவாணத்தில் ஆறு கயிறு இருக்கிறது. அழுதுவிட்டுத்தான் பணத்தை எண்ணினேன், எண்ணாமல் இருக்கவில்லை. வற்றிப்போன எருமைக்குத் தினமும் நூறு ரூபாய் தீவனம் போடு என்று சொல்கிறவர்கள் அந்த நூறு ரூபாயையும் சேர்த்து அனுப்பினால் நன்றாக இருக்கும்.

சந்தைக்கோடி | ஜனவரி 10, இரவு 10:05

சரி, கணக்கு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்று வளர்க்கிற யோசனையை விடுங்கள். நான் போன வருடம் தை முதல் வாரத்தில் இரண்டு வற்றிய எருமை வாங்கினேன். இரண்டும் கடைப்பல் தேய்ந்தவை, பன்னிரண்டு வயதுக்குக் குறையாது. ஒன்றுக்கு மடிநோய் வந்து மூன்று காம்பு அடைத்துவிட்டது, இன்னொன்று நான்கு முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. அதாவது டாக்டர் சார் சொன்ன சட்டத்துக்கு முழுப் பொருத்தம். ஆனால் கறிக்கு? இடுப்பு எலும்பில் துண்டைக் காயப்போடலாம், அப்படி இருந்தன.

இங்கேதான் விஷயம். சான்றிதழுக்கு உதவாத மாடாக இருக்கவேண்டும், கறிக்கடைக்கு நல்ல மாடாக இருக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதத் தீவனம் இருக்கிறது, அதை டெல்டாவில் யாரும் போடுவதில்லை. வற்றிய மறுவாரமே தரகரைக் கூப்பிட்டுவிடுகிறோம். கிழட்டு மாடு இனி எலும்பு வளர்க்கப்போவதில்லை, பட்டினி கிடந்த உடம்பு என்பதால் முதல் இரண்டு மாதம் போட்டதெல்லாம் சதையில் ஏறும். கன்றுக்கு ஒன்றரை வருடம் ஆகிறதை இது தொண்ணூறு நாளில் காட்டும். அதுவும் தை முதல் சித்திரை வரை, அறுத்த வயல் திறந்து கிடக்கிற காலம். உளுந்து எடுத்த பிறகு செடி, பொட்டு எல்லாம் சும்மா கிடைக்கும். ஐப்பசியில் இதைச் செய்தால் மாடு சேற்றில் நின்றே இளைத்துவிடும்.

வாங்கியது 27,000 மற்றும் 31,000, மொத்தம் 58,000. டேப் வைத்து அளந்ததில் ஒன்று 290 கிலோ, இன்னொன்று 315. தொண்ணூற்றைந்து நாள் வைத்திருந்தேன். பதப்படுத்திய வைக்கோல், தவிடு, கொஞ்சம் எள்ளுப் புண்ணாக்கு, தாது உப்பு, எல்லாம் சேர்த்து இரண்டுக்கும் 18,500. குடற்புழு மருந்து, டாக்டர் வந்து போனது 1,200. விற்றது 43,000 மற்றும் 41,500. முதல் எருமை 48 கிலோ ஏறியது, இரண்டாவது 37 மட்டும், அதற்குப் பல் தேய்மானம் அதிகம், மெல்லவே நேரம் எடுத்தது. தரகு இரண்டு பக்கமும் 2,000 போக என் கையில் நின்றது 4,800 ரூபாய்.

ஆமாம், நாலாயிரத்து எண்ணூறுதான். என் கூலியைப் போட்டால் நட்டம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெண்ணாறு | ஜனவரி 10, இரவு 10:31

மூன்று மாதம் சாணி அள்ளி 4,800. இதற்கு நூறு நாள் வேலைக்கே போயிருக்கலாமே அண்ணே.

சந்தைக்கோடி | ஜனவரி 10, இரவு 10:44

போகலாம், எனக்கு அட்டை இல்லை.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நான் அந்தக் கணக்கில் வைக்கோலுக்கும் விலை போட்டிருக்கிறேன், என் வயல் வைக்கோல்தான் அது. எரு மூன்று டிராக்டர் சேர்ந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, வீட்டு வயலுக்கே அடித்துவிட்டேன். இரண்டு உருப்படிக்குப் போகிற அதே நேரம்தான் ஆறு உருப்படிக்கும் போகிறது. லாரிக்கும் ஆறுதான் கணக்கு.

கடைமடையான் | ஜனவரி 11, காலை 7:20

அண்ணே, இரவெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கேள்வி. டேப் வைத்து எப்படி எடை போடுவது? பதப்படுத்திய வைக்கோல் என்றால் என்ன?

சந்தைக்கோடி | ஜனவரி 11, காலை 11:15

டேப்: தையல்காரர் டேப்பே போதும், ஆனால் ஐந்தடி டேப்பில் பெரிய எருமைக்குச் சுற்று எட்டாது, நூலில் அளந்து டேப்பில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று பாருங்கள். அப்புறம் தோள் எலும்பு முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளம். சுற்றை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ல் வகுத்தால் கிலோ. சுற்று 66, நீளம் 50 என்றால் 330 கிலோ. நூறு சதவீதம் சரியாக வராது, பத்துப் பதினைந்து கிலோ முன்னே பின்னே இருக்கும். ஆனால் ஒரே மாட்டைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அளந்தால் ஏறுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. சந்தையில் தரகர் என் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொன்னார். நான் டேப்பை எடுத்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், மாட்டுக்குச் சட்டை தைக்கப்போகிறாயா என்று. நான் 338 என்றேன். தரகர் டேப் இல்லாமல், மாட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, வால் அடியில் இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கறி நூற்று அறுபத்தைந்து தேறும்" என்றார். பாதிக்குப் பாதி கணக்குப் போட்டால் என் டேப்பும் 169தான் சொல்கிறது. நாம் கணக்குப் போட்டுத்தான் அங்கே போய்ச் சேருகிறோம், அவர் விரலிலேயே வைத்திருக்கிறார். ஆனால் அவர் அதைத் தெரிந்துகொண்டுதான் முதல் விலையைச் சொல்லியிருக்கிறார் என்பது டேப் இருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. துண்டுக்குள் இன்னும் இரண்டு விரல் ஏறியது.

உப்பங்காற்று | ஜனவரி 11, மதியம் 1:40

வைக்கோல் பதப்படுத்துவது பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு மாட்டைக் கொன்றவன் நான்.

நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா, ஐம்பது அறுபது லிட்டர் தண்ணீரில் கரைத்து, பூவாளியால் அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாய் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி இருபத்தொரு நாள் வைக்கவேண்டும். திறந்தால் கண் எரிகிற அளவுக்கு நெடி அடிக்கும். வைக்கோல் பொன்னிறம் மாறிக் கொஞ்சம் பழுப்பாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும். பிரித்து ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் போடவேண்டும். முதல் இரண்டு நாள் மாடு மூக்கைத் திருப்பிக்கொள்ளும், சாதா வைக்கோலோடு கலந்து பழக்கவேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள கன்றுக்கு வேண்டவே வேண்டாம்.

என் தப்பு என்ன என்றால், கரைத்த தண்ணீர் அரை வாளி மீந்துபோனது. அப்புறம் ஊற்றலாம் என்று வேலியோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வெயிலில் கட்டியிருந்த எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து குடித்துவிட்டது. நான் வரும்போது நுரை தள்ளி, உடம்பு நடுங்கி, வயிறு ஊதி நின்றது. காடி (வினிகர்) ஊற்று என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கத்தினார். காடி தேடி கடைக்கு ஓடி வருவதற்குள் விழுந்துவிட்டது, இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சினை எருமை. யூரியா மூட்டை பக்கத்தில் இரண்டு பாட்டில் காடி வாங்கி வைக்காமல் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். மீந்த தண்ணீரை அங்கேயே குழியில் கொட்டுங்கள்.

ஊசிக்காரர் | ஜனவரி 11, மாலை 5:05

உப்பங்காற்று சொன்னது அத்தனையும் சரி. காடியோடு நிறையக் குளிர்ந்த தண்ணீரும் சேர்த்து ஊற்றவேண்டும்.

இன்னொன்று. டெல்டாவில் நீங்கள் எந்த மாடு வாங்கினாலும் ஈரலில் தட்டைப்புழு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். வாய்க்கால் நத்தை வழியாகப் பரவுவது, ஓரத்துப் புல்லில் ஒட்டியிருக்கும். தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கினால் முற்றிவிட்டது என்று அர்த்தம். அந்த மாட்டுக்கு எள்ளுப் புண்ணாக்கு போட்டு என்ன பயன், புழுவுக்குத்தான் போடுகிறீர்கள். சாதாரணக் குடற்புழு மருந்து எல்லாமே தட்டைப்புழுவுக்குக் கேட்காது, டாக்டரிடம் கேட்டு அதற்கென்று உள்ளதை வாங்குங்கள். மருந்து போட்ட பிறகு எத்தனை நாள் கறிக்குப் போகக்கூடாது என்று அட்டையில் எழுதியிருக்கும், அதைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊசிக்கும் இது உண்டு.

கோமாரித் தடுப்பூசி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி இரண்டும் போட்டது உறுதியாகத் தெரியாத மாட்டைப் பழைய மாட்டோடு ஒரே கொட்டிலில் கட்டாதீர்கள். 2013-ல் கோமாரி வந்தபோது இந்தப் பக்கத்துத் தெருக்களில் நான் பார்த்ததை எழுதினால் நீளும். சந்தையிலிருந்து வந்த மாடு இரண்டு மூன்று வாரம் தனியாக நிற்கட்டும்.

சிங்கை_திருவாரூரான் | ஜனவரி 11, இரவு 8:50

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எருமை எதற்கு, நம் உம்பளச்சேரிக் காளையை வளர்க்கலாமே? நம் மண்ணின் மாடு, தீவனச் செலவே இல்லை என்கிறார்கள்.

வெண்ணாறு | ஜனவரி 11, இரவு 9:30

ஐயா, வேண்டாம். உம்பளச்சேரி சேற்றில் உழுவதற்கென்று பிறந்த மாடு. குட்டை, கால் உறுதி, குளம்பு கெட்டி, எங்கள் அப்பா காலத்தில் கொம்பைத் தீய்த்து மொட்டை மாடாக்கி வைத்திருப்பார்கள். கன்று சிவப்பாகப் பிறந்து ஆறேழு மாதத்தில் சாம்பலாக மாறும், அதைப் பார்ப்பதற்கே ஒரு கண் வேண்டும். தலைஞாயிறு பக்கம் நல்ல ஜோடி தேடினால் இப்போது கிடைப்பதே அரிது. கொருக்கைப் பண்ணையில் அரசாங்கம் அதைக் காப்பாற்ற வைத்திருக்கிறது, நீங்கள் கறிக்கு வளர்க்கலாமா என்கிறீர்கள். டிராக்டர் வந்ததும் அந்த மாட்டுக்கு வேலை போயிற்று, வேலை போன மாடு எங்கே போயிற்று என்று நினைக்கிறீர்கள்? எருமையும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. 2012 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.80 லட்சம் எருமை, 2019-ல் 5.19 லட்சம். சந்தைக்கோடி அண்ணன் கணக்குக்கு இன்னும் பத்து வருடம் கழித்து வற்றிய எருமை எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.

அலையாத்தி | ஜனவரி 12, காலை 10:10

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். முத்துப்பேட்டை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கறிக்கடை. வாங்குகிறவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

இளைத்த எருமையை அறுத்தால் நூறு கிலோ உயிர் எடைக்கு நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து தேறும். மூன்று மாதம் தின்ற எருமை ஐம்பது வரை வரும். அதனால்தான் சந்தைக்கோடி அண்ணனுக்குக் கிலோ விலையும் சேர்ந்து ஏறியிருக்கிறது, எடை மட்டும் ஏறவில்லை. எருமைக் கொழுப்பு வெள்ளையாக இருக்கும், பசு மாட்டுக் கொழுப்பு மஞ்சள் தட்டும், கறி எருமையினுடையது கருஞ்சிவப்பு. கொழுப்பே இல்லாத கிழட்டுக் கறி வேகாது, ரப்பர் மாதிரி இழுக்கும், எங்கள் வீட்டில் பப்பாளிக்காய் இரண்டு துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்கள். மேலே மெல்லிசாக ஒரு கொழுப்பு ஓடியிருந்தால் வாடிக்கையாளரே கேட்பார், இன்றைக்கு எந்த ஊர் மாடு என்று.

டாக்டர் ஐயா சொன்ன தட்டைப்புழு முழு உண்மை. இந்தப் பக்கத்து மாட்டில் பத்து ஈரல் எடுத்தால் பலது கத்தி வைத்ததும் நறநறவென்று மணல் மாதிரிச் சத்தம் கேட்கும், பித்தக் குழாய் சுண்ணாம்பு கட்டியிருக்கும். அந்த ஈரலைத் தூக்கிப் போட்டுவிடவேண்டியதுதான். ஈரலுக்கு வருகிறவர்கள் தனிக்கூட்டம், அவர்களைத் திருப்பி அனுப்புவது பெரிய வேதனை.

பக்ரீத் பற்றியும் சொல்லவேண்டும். மாடு என்றால் இரண்டு வயது நிறைந்திருக்கவேண்டும், ஏழு பேர் பங்கு சேரலாம். கண் தெரியாதது, நொண்டி, எலும்பும் தோலுமாக இளைத்தது கூடாது. அதாவது குர்பானிக்கு ஊனமில்லாத மாடு வேண்டும், சான்றிதழுக்கு உதவாத மாடு வேண்டும். இரண்டையும் பொருத்துவதற்கு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வருடாவருடம் படாதபாடு படுகிறார்கள். வயதானாலும் நன்றாகத் தின்று நிற்கிற எருமை கிடைத்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை, அதற்குத்தான் தட்டுப்பாடு. 2024-ல் ஜூன் 17, 2025-ல் ஜூன் 7, 2026-ல் மே கடைசி. தையில் வாங்கி வளர்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். ஆனால் வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், நான்கைந்து வருடத்தில் இந்தப் பொருத்தம் போய்விடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கடைமடையான் | ஜனவரி 12, மதியம் 12:30

வஅலைக்கும் ஸலாம் பாய். இதை எங்கேயும் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஊரில் கேட்டால் ஒன்று சிரிக்கிறார்கள், இல்லை குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

கொண்டுபோவதில் என்ன சிக்கல் வரும்?

சந்தைக்கோடி | ஜனவரி 12, இரவு 9:15

ஒரு சரக்கு வண்டிக்கு ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, 1978 விதி. பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்று, வாங்கிய ரசீது, இரண்டும் டிரைவர் கையில் இருக்கட்டும். 2017 மே மாதம் மத்திய அரசு சந்தையில் அறுப்புக்கு மாடு விற்கவே கூடாது என்று விதி போட்டது, ஒரு வாரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை கொடுத்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அதை நீட்டித்தது. அது முடிந்த கதை. ஆனால் அந்த வருடத்திலிருந்து ரோட்டில் பயம் மட்டும் போகவில்லை.

என் இரண்டாவது எருமையைக் கொண்டுபோகும்போது இராத்திரி பதினொரு மணிக்கு நான்கு பேர் பைக்கில் வந்து வண்டியை மறித்தார்கள். போலீஸ் இல்லை, யார் என்றும் சொல்லவில்லை. சான்றிதழைக் காட்டினேன், டார்ச் அடித்துப் படித்தார்கள். ஒருவன் எருமை முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது எருமைடா, விடு" என்றான். விட்டுவிட்டார்கள். அன்றைக்கு வண்டியில் ஜெர்சி மாடு நின்றிருந்தால் என் கதை வேறு. அதனால் எருமை மட்டும், பகலில் மட்டும். ஒன்றரை மணி நேரம் கொட்டடியில் நிறுத்தினால் மாடு கழிந்தே ஐந்து கிலோ இளைக்கும், அதுவும் நம் கணக்கில்தான்.

தாழம்பூ_வேலி | ஜனவரி 12, இரவு 10:40

நான் மேலே கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். மண்சட்டி அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் வீட்டிலும் எரவாணத்தில் கயிறு இருக்கிறது, அம்மா எதற்கு வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. மாடு வளர்த்து அறுக்கக் கொடுப்பது எனக்கு இப்போதும் ஒப்பவில்லை. ஆனால் கடைசி மூன்று மாதமாவது வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போகட்டும் என்கிற இடத்தில் சந்தைக்கோடியோடு சண்டை போட எனக்கு வார்த்தை இல்லை.

மண்சட்டி | ஜனவரி 13, காலை 7:05

தம்பி கடைமடையான், என்னிடம் ஒன்று இருக்கிறது. எட்டு ஈத்து ஈன்றது, பதினான்கு வயது, ஆவணியோடு வற்றிவிட்டது. தரகர் 24,000 கேட்கிறார். நீங்கள் அதே விலை கொடுத்தால் போதும். ஆனால் மூன்று மாதம் நீங்களே வைத்திருக்கவேண்டும், மறுநாளே லாரி ஏற்றக்கூடாது. இடது கொம்பு பக்கம் சொறிந்துவிட்டால் நிற்கும், வலது பக்கம் போனால் முட்டும். புதுக் கயிறு கொண்டுவாருங்கள்.

கடைமடையான் | ஜனவரி 19, இரவு 8:12

பொங்கல் முடிந்து நேற்று அக்கா வீட்டுக்குப் போய் எருமையை ஓட்டி வந்துவிட்டேன். மன்னார்குடி சந்தையோரம் இன்னொன்று பார்த்து வைத்திருக்கிறேன், டாக்டர் பல் பார்த்துச் சொன்ன பிறகுதான். முதலில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன், மாமனார் இன்னும் பேசவில்லை. சாணம் பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று. காடி இரண்டு பாட்டில் வாங்கியாயிற்று, கடைக்காரர் ஊறுகாய் போடப்போகிறீர்களா என்றார்.

இன்று சாயங்காலம் நூல் வைத்து அளந்தேன். சுற்று 62, நீளம் 48. வகுத்தால் 280 வருகிறது. வலது பக்கம் போனேன், முட்டியது.

சந்தைக்கோடி | ஜனவரி 19, இரவு 8:30

தண்ணீர் காட்டுவதற்கு முன்னாலா, பின்னாலா அளந்தீர்கள்?

கடைமடையான் | ஜனவரி 19, இரவு 8:33

பின்னால். இரண்டு குடம் குடித்தது.

சந்தைக்கோடி | ஜனவரி 19, இரவு 8:34

அப்போ நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் மறுபடி அளங்க. இடது பக்கமாகப் போங்க.